வில்லனுக்குக் கட்டிய கயிறு

என் வயதுக்காரர்களே, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதை வாசிக்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கிற முகமூடி வீரர்களும் மாயச் சண்டைகளும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று நீங்கள் புலம்புவதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்தத் துறையில் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு பலாக்காய்ப் பருவம் முழுக்க நான் வில்லனாக உத்தியோகம் பார்த்தவன். சம்பளம் கிடையாது. சாப்பாடு மட்டும் ஏகத்துக்கு.

அப்போது நாங்கள் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. இந்தியாவிலிருந்து பெட்டி பெட்டியாகப் புடவை வரும். வழியில் ஆடி அசையாமல் இருக்க, பழைய தமிழ்ப் பத்திரிகைகளைச் சுருட்டி இடுக்குகளில் திணித்து அனுப்புவார்கள். பெட்டி உடைக்கிற அன்று அந்தக் காகிதமெல்லாம் கடை வாசலில் குவியும். கச்சான், அதாவது வறுத்த நிலக்கடலை, விற்கிறவர் வந்து சுருள் செய்வதற்காக அள்ளிக்கொண்டு போவார். அவர் வருவதற்குள் அப்பா கைக்குக் கிடைத்த சித்திரக்கதைகளைப் பொறுக்கிச் சட்டைக்குள் செருகிக்கொள்வார். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள். எங்களுக்குப் புடவைக்கு முட்டுக் கொடுத்தது வந்தது.

அந்த வில்லன் கதையும் அப்படி வந்ததுதான். அட்டை இல்லை, ஆகவே அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தாளை விரித்தால் அந்துருண்டை வாசமும் கஞ்சி போட்ட புதுத்துணி வாசமும் சேர்ந்து வரும். அச்சடித்தவர்கள் சிவப்பு மையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டதால் எல்லோருடைய உதடும் கன்னத்தில் இருந்தது. நீலச் சிறகு வைத்த வீரன் ஒருவன் வருவான், வில்லன்களைப் பிடிப்பான், அருவிக்குப் பின்னால் இருக்கிற பாதாளச் சிறையில் தள்ளிவிட்டுப் பறந்துவிடுவான். உண்மையான கதை அதற்குப் பிறகுதான் தொடங்கும். சிறையைக் காக்கிற மந்திரக் கிழவி, வில்லன்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்து மாய வேலைகளுக்கு அனுப்புவாள். நாக்கில்லாத மணியைக் கொண்டு வா, தூங்குகிற மலையின் குறட்டையைக் குடத்தில் பிடித்து வா, இப்படி.

வில்லன் ஓடிப்போகாமல் இருக்க அவன் புயத்தில் முடிச்சுப் போட்ட கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டிவிடுவாள். பொய் சொன்னால் கயிறு இறுகும். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் இறுகும். கயிற்றின் ரகசியத்தை வெளியாளிடம் சொன்னால் அது கழுத்துக்கு ஏறிவிடும். கண்ணாடி மண்டையன் என்றொரு வில்லன் கெட்டிக்காரத்தனமாகக் கத்தி வைத்து அறுத்தான். கை தோளோடு புகையாகப் போய்விட்டது.

பக்கத்து வீட்டுத் தையற்காரரின் மகன்தான் என் கூட்டாளி. அவனுக்குச் சிறகு வீரனைக் கண்ணில் காட்டக்கூடாது.

"அவனுக்கு என்னடா வேல? வாறான், புடிக்கிறான், போறான். கஷ்டப்படுறதெல்லாம் வில்லன்மார்தானே," என்பான்.

அதனால் நாங்கள் விளையாடும்போது வீரன் வேடத்துக்கு ஆளே கிடைக்காது. நான் பல்லி விரலன், சுவரில் ஏறுகிறவன். கூட்டாளி கண்ணாடி மண்டையன். என் அக்கா மந்திரக் கிழவி. தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அந்தப் பதவியை யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். "பல்லி விரலா, மாயக் கிணற்றிலிருந்து அமுதம் கொண்டு வா" என்பாள். நான் தெருக்குழாயில் வாளி பிடித்து வருவேன். "மழை அரக்கன் வருமுன் பட்டாடைகளை மீட்டு வா" என்பாள். கொடியில் காய்கிற துணியை எடுத்து வருவேன். பெரியவர்கள் அக்காவைத்தான் பாராட்டினார்கள். இந்த வயதிலேயே எவ்வளவு வீட்டுப் பொறுப்பு என்று.

அந்த நேரம் பார்த்து, வெளிநாட்டுச் சாமான்கள் உள்ளே வருவதை அரசாங்கம் நிறுத்தியது. புடவைப் பெட்டி நின்றது. பெட்டியோடு கதையும் நின்றது. எங்களிடம் இருந்த கடைசித் தாளில், எல்லா வேலைகளையும் முடித்த பல்லி விரலன் நீலம் பாரித்த கையோடு சிறை வாசலில் நிற்கிறான். கிழவி வாயைத் திறக்கிறாள்: 'இந்தக் கயிற்றிலிருந்து விடுபட ஒரே ஒரு வழிதான் உண்டு. அது...' கீழே, 'அடுத்த இதழில்.' ஊரில் பெரியவர்கள் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு என்று தவித்தார்கள். எங்களுக்கு அந்த 'அது'வுக்குத் தட்டுப்பாடு.

கதை நின்றாலும் கிழவி வேலை கொடுப்பதை நிறுத்தவில்லை. ஒரு நாள், "ஆற்றங்கரை நாகத்தின் செதில் ஒன்று வேண்டும்" என்றாள். பல்லி விரலன் நடந்து போனால் மரியாதை இல்லையே? மூங்கில் புதருக்குள் நாலு காலில் ஊர்ந்து மகாவலிக் கரைக்கு இறங்கினேன். எதிரே, அதே தோரணையில், ஒரு கபரகொய்யா. முதலைக்குச் சின்னத் தம்பி மாதிரி இருக்குமே, அது. மூக்குக்கு மூக்கு இருவரும் பார்த்துக்கொண்டோம். அது நாக்கை நீட்டியது. நான் நீட்டவில்லை, எனக்கு வாய் திறக்க வரவில்லை. என்னைக் கண்டு பயந்து அதுவும் ஆற்றுக்குள் ஓடியிருக்கும் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்குத் திரும்பிப் பார்க்கிற ஆளா நான்?

சாயந்தரமே காய்ச்சல். கோயில் விபூதி வந்தது, டிஸ்பென்சரியிலிருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் மருந்து வந்தது. காய்ச்சல் போவதும் வருவதுமாக இருந்தது. கூட்டாளியின் உம்மா வேலிக்கு அப்பால் நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இது மருந்துக்கு அடங்குற காய்ச்சல் இல்ல. புள்ள எதையோ கண்டு பயந்தீக்கி. லெப்பைக்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. ஓதி நூல் கட்டுவாரு."

எங்கள் தெருவில் இது புதிதே இல்லை. பிள்ளை பயந்துவிட்டால், எந்தச் சாமி கும்பிடுகிற வீடாக இருந்தாலும், பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பையிடம்தான். அம்மா என்னைத் துப்பட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். பள்ளிவாசலுக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த சின்ன அறை; அத்தர் வாசம். லெப்பை வாய்க்குள்ளே ஓதினார், என் முகத்தில் ஊதினார், கையில் இருந்த நூலில் ஒரு முடிச்சுப் போட்டார். மறுபடி ஓதினார், ஊதினார், முடிச்சுப் போட்டார். பிறகு என் சட்டைக் கையை மேலே தள்ளினார்.

அப்போதுதான் பார்த்தேன். கறுப்பு. முடிச்சு. புயம்.

நான் மயங்கிச் சாய்ந்துவிட்டேன். "பாருங்க, உள்ள இருக்கிறது எறங்குது!" என்று அம்மா கும்பிட்டாள். திரும்பும்போது வாசலில் லெப்பை அம்மாவிடம் என்னவோ சொன்னார். எனக்குக் காது அடைத்திருந்தது.

காய்ச்சல் நின்றுவிட்டது. அதோடு என் நிம்மதியும். கூட்டாளி வந்து கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"டேய், அதேதான்டா. ஆர்க்கிட்டயும் செல்லிராத. கழுத்துக்கு ஏறும்."

"ஒனக்குத்தான் தெரிஞ்சிருச்சே?"

"நீ செல்லல்லியே. நானாப் பாத்ததுதானே. அது சேராது."

பிற்காலத்தில் அவன் வக்கீலானதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

அன்று முதல் நான் உண்மை மட்டும் பேசினேன். சிரிக்காதீர்கள், ஒரே ஒரு நாள் முயன்று பாருங்கள், உங்கள் வீட்டில் சோறு கிடைக்கிறதா என்று. அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்திருந்தாள். தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே செல்லமாக என்னை இழுத்து, "ஒங்கம்மா என்னப் பத்திப் பேசுமாடா?" என்று கேட்டாள்.

"பேசும் அத்த. நீங்க வர்றது தெரிஞ்சா சீனி டப்பாவ ஒளிச்சு வைன்னு அக்காகிட்டச் சொல்லும்."

சீனி கூப்பனில் அளந்து கிடைத்த காலம். அத்தை கோப்பையைக் கீழே வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பிறகு வெகுகாலம் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அடுத்து அப்பாவின் முதலாளி. கோயிலில் எங்களைக் கண்டவர், "என்ன தம்பி, அப்பாவுக்கு வயித்து வலி சொகமாயிருச்சா?" என்று அன்போடு கேட்டார். அப்பா என் தோளை அழுத்தினார். கயிறு அதைவிட அழுத்தமாக இருந்தது.

"வயித்து வலி இல்லீங்க மொதலாளி. படம் பாக்கப் போனாரு. நல்ல படம்னு மறுபடியும் போனாரு."

பொய் சொன்னால் அடிக்கலாம். உண்மை சொன்ன பிள்ளையை எந்தச் சட்டத்தில் அடிப்பது? அப்பா வீடுவரை எனக்கு முன்னால் நடந்தார், திரும்பிப் பார்க்கவே இல்லை.

அம்மாவின் பாடு இன்னும் மோசம் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. தொடக்கத்தில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஓதிக் கட்டுனதுலேருந்து புள்ள தங்கமாயிட்டான், சொன்ன சொல்லத் தட்டுறதில்ல" என்று தெருவெல்லாம் சொன்னாள். அத்தை போன பிறகு அந்தப் பேச்சு நின்றது. ஒரு மத்தியானம் நான் தூங்குவது போல அரைக்கண் மூடிப் படுத்திருந்தபோது அம்மா கத்தரிக்கோலோடு பக்கத்தில் வந்து நின்றாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். என் கையைப் புகையாக்க வந்தாள் என்றே நான் நினைத்தேன். பாவம், வெட்டினால் காய்ச்சல் திரும்பிவிடுமோ, வெட்டாவிட்டால் சொந்தபந்தம் எல்லாம் போய்விடுமோ என்று அவள் அங்கே தராசு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு, உடம்பு தேறட்டும் என்று என்னைப் பன்விலவில் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு தேறட்டும் என்பதோடு, வாய் கொஞ்ச நாள் வெளியூரில் இருக்கட்டும் என்பதும் காரணமாக இருக்கலாம். மாமாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் அரிசி கண்ணில் படுவது அபூர்வம். ஆனால் பின்பக்கம் ஒரு மாடும், முன்பக்கம் காய்த்துத் தொங்குகிற ஒரு பலாமரமும் இருந்தன. மாமி பலாக்காயை மஞ்சள் போட்டு அவித்து, மேலே தேங்காய்ப்பூ தூவி, உறைப்பான சம்பல் வைத்துக் கொடுப்பாள். ஆவியோடு வரும் அந்த வாசத்துக்கு இன்றைக்கும் என் வாய் ஊறுகிறது.

"இன்னுங் கொஞ்சம் தின்னு ராசா," என்றாள் மாமி.

இது கட்டளை. மீறினால் இறுகும். தின்றேன்.

"பாலக் குடிச்சிரு."

குடித்தேன்.

சில நாளில் பார்த்தால் கயிறு இறுகியிருந்தது. மெய்யாகவே இறுகியிருந்தது! வரும்போது உள்ளே விரலை விட்டுச் சுற்றலாம். இப்போது ஈர்க்குக்கூட நுழையவில்லை. ஏதோ கட்டளையை நான் சரியாக நிறைவேற்றவில்லை என்று முடிவு செய்தேன். இன்னும் பணிவாக இருக்க வேண்டும். "மாமி, இன்னுங் கொஞ்சம் திங்கச் சொல்லுங்க," என்று நானாகப் போய் நின்றேன்.

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, புள்ள கேட்டு வாங்கித் திங்குது!" என்று மாமாவிடம் சொன்னாள். ஊரே பசியோடு இருந்த நேரத்தில், தன் கையால் ஒரு பிள்ளை பெருக்கிறது என்றால் அவளுக்கு அது திருவிழா. தன் பங்கையும் என் தட்டில் வைத்தாள். நான் பயத்தில் விழுங்கினேன். விழுங்க விழுங்கக் கயிறு இறுகியது. இறுக இறுக விழுங்கினேன். கன்றுக்குட்டியும் நானும் போட்டி போட்டுப் பெருத்தோம். என் புயம் பெருப்பதால்தான் கயிறு இறுகுகிறது என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சட்டைக் கையைத் தூக்கிக் காட்டத்தான் எனக்குத் தைரியம் இல்லையே.

விடுமுறை முடிந்து மாமா என்னைக் கண்டிக்குக் கூட்டி வந்து, கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் அப்பாவிடம் ஒப்படைத்தார். அப்போது விரல் நுனிகள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. பல்லி விரலனின் நீலக் கை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அங்கேதான் அந்தக் கச்சான்காரர் தள்ளுவண்டியோடு நிற்பதைக் கண்டேன். எனக்குள் ஒரு மின்னல். கடைக் காகிதமெல்லாம் அவரிடம்தானே போகும்? அப்பா கண்ணில் படாத தாள்கள் எத்தனை போயிருக்கும்! அந்த 'அது' இந்த வண்டியில் இருக்கலாம்.

"அப்பா, கச்சான்."

முதல் சுருளைப் பிரித்தேன். யாருடையதோ பரீட்சைத் தாள். கணக்கில் என்னைவிட மோசமானவன். "இன்னொன்னு." சிங்களப் பத்திரிகை. "இன்னொன்னு." கோயில் திருவிழா நோட்டீஸ். வாங்கினதைத் தின்னாமல் எறிந்தால் அப்பா விடமாட்டாரே, எல்லாவற்றையும் தின்றேன். "மகன் கச்சானுக்கு அடிம போல!" என்று சிரித்துக்கொண்டே கச்சான்காரர் நீட்டிய அடுத்த சுருளில், எண்ணெய்க் கறைக்கு நடுவே, கன்னத்தில் உதட்டோடு கிழவி இருந்தாள்! கீழே கிழிந்த பாதி வரி: 'கட்டியவரிடமே போய்...'

அதற்கு மேல் தாள் இல்லை. வண்டியில் தேடச் சொல்லி அழுதேன். அப்பா நான் இன்னும் கச்சானுக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து என்னைத் தரதரவென்று இழுத்து பஸ்ஸில் ஏற்றினார்.

கட்டியவரிடமே போய்! மறுநாள் காலை கூட்டாளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு லெப்பை வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாதாளச் சிறைக்கு அது பொருத்தமாகப் படவில்லை.

"என்ன மகன், மறுபடியும் காய்ச்சலா?"

"இல்ல. என்ன வேலைன்னு சொல்லாமலே கட்டிட்டீங்க. என்னத்தக் கொண்டு வரணும்னு சொல்லுங்க, கொண்டாந்துர்றேன். கை மரத்துப் போகுது," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

லெப்பை ஒன்றும் விளங்காமல் கூட்டாளியைப் பார்த்தார். "கட்டினவருக்குச் செல்லலாம். அவருக்குத் தெரிஞ்சதுதானே," என்று எனக்குச் சட்டம் சொல்லிவிட்டு, அவன் பாதாளச் சிறை, கிழவி, கண்ணாடி மண்டையனின் கை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். லெப்பை கீரையைக் கீழே வைத்தார். என் சட்டைக் கையைத் தூக்கினார்.

"அல்லாவே! இத இன்னம் வெட்டல்லியா? காய்ச்சல் விட்ட ஒடனே வெட்டி ஆத்துல போடச் செல்லி ஒங்கம்மாக்கிட்டச் சென்னேனே!"

எழுந்து போய், தாடி திருத்துகிற சின்னக் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். நான் போட்ட கூச்சலில் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

"வெட்டாதீங்க! கை பொகையாப் போயிரும்!"

"கட்டினவரு வெட்டினாலுமா?"

"தெரியாது. அந்தத் தாள் கெடைக்கல்ல."

லெப்பை கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்துக் கும்பிடுவேன்.

"மகன், நான் ஒன்ன ஒரு வேலைக்கு அனுப்பினது மெய்தான். காய்ச்சலத் தொலச்சிட்டு வான்னு அனுப்பினேன். தொலச்சிட்டியா இல்லியா?"

"தொலச்சிட்டேன்."

"அப்ப வேல முடிஞ்சி. கைய நீட்டு."

கூட்டாளி கண்ணைப் பொத்திக்கொண்டான். நானும் மூடிக்கொண்டேன். கத்தரிக்கோலின் குளிர் தோலில் பட்டது. டிக். அவ்வளவுதான்.

"பொக வருதாடா?" என்று கூட்டாளி விரலிடுக்கால் கேட்டான். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். புகை இல்லை. புயத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பள்ளம், அவ்வளவே. விரல்களுக்குள் எறும்பு ஊர்ந்தது. பிறகு சூடு வந்தது. தரையில் கிடந்த கயிறு செத்த மரவட்டை மாதிரி, இதற்கா பயந்தோம் என்று கேட்கிற மாதிரி இருந்தது. லெப்பை அத்தர் கலந்த எண்ணெயைப் பள்ளத்தில் தடவிவிட்டார்.

தெருவுக்கு வந்ததும், "சோதிச்சுப் பாருடா. ஒரு பொய் செல்லு," என்றான் கூட்டாளி. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பழக்கம் விட்டுப் போய்விட்டது.

வீட்டில் அம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்ததும் அவள் கண் நேரே என் புயத்துக்குத்தான் போனது.

"கயிறு எங்கடா?"

"ஆத்துல குளிக்கிறப்ப..." என்று தொடங்கினேன். புயத்தைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு மீன் வந்து கடிச்சு இழுத்துட்டுப் போயிருச்சு."

காத்திருந்தேன். கை சும்மா இருந்தது. லேசாக, காற்றாக, சும்மா இருந்தது.

"பெரிய மீன்மா. மீச வச்ச மீன்."

அம்மா கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். காய்ந்த தலையைத் தொட்டாள். காய்ந்த சட்டையைத் தொட்டாள். குனிந்து புயத்தை மோந்து பார்த்தாள். அத்தர் வாசம் வீடெல்லாம் மணந்துகொண்டிருந்தது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இவன் என் பிள்ளைதானா என்பது போலப் பார்த்தாள். எனக்கு அடி விழப்போகிறது என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன்.

"ஏங்க! ஓடியாங்களேன்! இவன் பொய் சொல்றான்ங்க!"

அப்பா பாதிச் சவரத்தில், ஒரு கன்னத்தில் சவுக்கார நுரையோடு ஓடி வந்தார். "என்னது? மெய்யாவா?"

"கயித்த மீன் கடிச்சுட்டுப் போயிருச்சாம்! மீச வச்ச மீனாம்!" அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அப்பா அப்படியே கதிரையில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றார்.

சத்தம் கேட்டு உள்ளே இருந்து வந்த அக்கா, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "மீச எம்புட்டு நீளம் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் இரண்டு கையையும் முடிந்தமட்டும் அகல விரித்துக் காட்டினேன்.